ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் சூடாக இருந்தது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை.

உங்கள் ஆட்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். எனக்கு ஒரே ஒரு குறை. நீங்கள் எழுதிவைத்திருக்கும் தாளில் 'விபத்து' என்று இருக்கிறது. என் அண்ணி மொட்டை மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறி விழவில்லை, நான் விழவைத்தேன். அந்த ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லத்தான் நானாகவே இந்தக் காவல் நிலையத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எப்படி என்று விளக்க வேண்டுமென்றால் கிட்டாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இசைக்கருவிகள் விற்கும் கடை ஒன்றின் பின்னறையில் பழுது பார்க்கிறவன். பத்தொன்பது வருடமாக அதே அறை, அதே மேசை. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாக உலோகக் கம்பிகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஃபிரெட் என்று பெயர். விரல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் அந்தக் கம்பி சுரத்தைச் சரியான இடத்தில் நிறுத்திவிடும். கற்றுக்கொள்கிறவனுக்கு அது பெரிய வசதி. ஆனால் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இருக்கிற சுரங்கள் கிட்டாருக்கு இல்லாமலே போய்விடுகின்றன. தந்தியை வளைத்து இழுத்தால் கொஞ்சம் ஏறலாம். இறங்க வழியில்லை.

எனக்கு அப்படி நடுவில் இருக்கிற ஒரு சுரம் தேவைப்பட்டது. நாலாவது தந்தியில், ஐந்தாவது ஃபிரெட்டுக்கும் ஆறாவதுக்கும் இடையில். அது எங்கே கேட்ட சுரம் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒரு விடுமுறை நாளில் என் சொந்தக் கிட்டாரை எடுத்து, ஒவ்வொரு ஃபிரெட்டையும் சூடுகாட்டிக் குறடால் மெதுவாகப் பிடுங்கினேன். அவசரப்பட்டால் மரம் பிசிறிக்கொண்டு வந்துவிடும். பள்ளங்களில் அதே நிற மரச் சீவலை வைத்து ஒட்டித் தேய்த்து வழவழப்பாக்கினேன். முடித்தபோது ஃபிரெட் இருந்த சுவடே தெரியவில்லை.

இப்படிச் செய்தவனுக்கு முதலில் வருவது ஏமாற்றம்தான். சத்தம் மழுங்கிவிடும், மீட்டிய உடனே செத்துவிடும். இரண்டு சுரத்தைச் சேர்த்துப் பிடித்தால் சண்டை போட்டுக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிரெட் இருக்கும்போது விரலைக் கம்பிக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பழகியிருப்போம். ஃபிரெட் போனபிறகு விரல் அந்தக் கம்பி இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பழகிய கை பழைய இடத்துக்கே போகும். அதனால் வாசிப்பதெல்லாம் ஒரு மயிரிழை தாழ்ந்தே ஒலிக்கும். என் முதலாளி அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்னய்யா, கிட்டாருக்கு வயித்துவலியா? இப்படி முனகுது?" என்றார்.

அவர் கிண்டலாகச் சொன்னதுதான் எனக்கு வழிகாட்டியது. முனகல். ஃபிரெட் இல்லாத கிட்டார் பாட்டுக்குப் பக்கத்தில் வருவதைவிடப் பேச்சுக்குப் பக்கத்தில் வருகிறது. நாம் யாரும் படி ஏறுகிற மாதிரி சுரம் சுரமாகப் பேசுவதில்லை. வழுக்கிக்கொண்டு ஏறுகிறோம், வழுக்கிக்கொண்டு இறங்குகிறோம். கேள்வி கேட்கும்போது கடைசியில் ஏறும். அலுத்துக்கொள்ளும்போது முதலிலேயே சரியும். கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பதை, முதலாளி தொலைபேசியில் பொய் சொல்வதை, பேருந்தில் நடத்துநர் அதட்டுவதை எல்லாம் காதில் வாங்கிவந்து தந்தியில் வைத்துப் பார்த்தேன். வார்த்தை வராது. ஆனால் வார்த்தைக்கு அடியில் ஓடுகிற அந்த ராகம் அப்படியே வரும். முதலாளியின் பொய் எனக்கு மிக நன்றாக வந்தது.

இனி வீட்டைப் பற்றி. மூன்று மாடிக் கட்டிடம். கீழே எனக்கு ஒரு அறை. நடுவில் ஒரு துணிக்கிடங்கு, பூட்டியே கிடக்கும். மேலே அண்ணனும் அண்ணியும். கட்டிடத்தின் நடுவே வெளிச்சத்துக்காகக் கீழிருந்து மொட்டை மாடி வரை ஒரு திறப்பு. அதைச் சுற்றிப் படிகள். மழை இறங்காமல் இருக்க உச்சியில், மாடித் தரை மட்டத்தில் பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கும். வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகி, அப்பளம் மாதிரி நொறுங்குகிற பதத்தில் இருந்தது. என் அறைக்கு அந்தத் திறப்பின் அடிப்பக்கம் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கிற லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற ஆள், தன் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி ஏறுவார். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். படிக்கட்டின் அடியில் ஒரு கம்பிக் கதவு. அதன் சாவியை மூன்று முறை தொலைத்ததால் அண்ணி சாவியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தினமும் மாலை ஐந்தரைக்கு அண்ணன் கதவடியில் நின்று, தலையை நிமிர்த்தி, "சாவி வருமா?" என்று கூப்பிடுவார். அண்ணி கயிற்றில் ஒரு சின்னக் கூடையைக் கட்டி அந்தத் திறப்பு வழியாக இறக்குவார். அண்ணன் கம்பிகளுக்கு இடையில் கையை விட்டு எடுத்துக்கொள்வார். இருபத்தாறு வருடம் இதே கூத்து.

அண்ணனுக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது, காது மட்டும் கூர்மை. நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு ஒருமுறை சொன்னார். "சரியாத்தாண்டா வாசிக்கிற. ஒரு தப்பு இல்ல. ஆனா நீ தெருவுல உக்காந்து வாசிச்சா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க." விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இரண்டரை வருடம் முன்பு ஒரு மாலை, சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, ஒன்பதாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. என் கதவு திறந்திருந்தது. அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தல் இல்லை, முனகல் என்றும் சொல்ல முடியாது. அதுவரை நான் கேட்டிராத சத்தம். அறைக்குள் போய்க் கிட்டாரை எடுத்துத் தேடினேன். ஐந்தில் இல்லை, ஆறிலும் இல்லை. பிறகுதான் ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன். மருத்துவர், "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

அண்ணி இளைத்துப் போனார். வெளியூரில் வேலையில் இருக்கும் மகள் வந்து கூப்பிட்டாள், இவர் போகவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு மேலேதான். இருவரும் அதிகம் பேச மாட்டோம். அவர் பரிமாறுவார், நான் போதும் என்பேன்.

அண்ணன் போய் நாலு மாதம் இருக்கும். மாலை நேரம், ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை வழுக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமமாக இரண்டு, கீழே ஒரு சரிவு, பிறகு மேலே ஏறி, ஏறிய இடத்தில் நிற்காமல் லேசாக நழுவுவது. வாசித்து முடித்த பிறகுதான் அது என்னவென்று எனக்கே உறைத்தது. சாவி வருமா.

மேலே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கயிறு உரசும் சத்தம். கூடை மெதுவாக இறங்கி வந்து என் ஜன்னலுக்கு எதிரே நின்றது. உள்ளே சாவி. எடுக்க ஆளில்லாமல் அது லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து மேலே போய்விட்டது.

தந்தியிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் பயத்தோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் வந்தது. நான் வாசித்ததற்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் பதில் சொல்லியிருந்தார்.

அதன்பிறகு தினமும் ஐந்தரைக்கு வாசித்தேன். தினமும் கூடை வந்தது. செத்துப்போன கணவர் கூப்பிடுகிறார் என்று அண்ணி நம்புகிறார், அந்த நம்பிக்கை அவரைக் காப்பாற்றுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் வீடே வேறு மாதிரி இருக்கும். ஒன்பதாவது படியைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் அங்கே யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றும்.

ஒருநாள் தந்தி கிழித்து என் ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்துவிட்டது. மறுநாள் கூடையில் சாவியோடு ஒரு பிளாஸ்திரியும் இருந்தது. செத்தவருக்கு எதற்குப் பிளாஸ்திரி என்று யோசித்தேன். துக்கத்தில் இருப்பவர்கள் இப்படித்தான், பொருத்தம் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். யாரும் எடுக்காமல் வீணாகப் போவானேன் என்று நானே எடுத்து ஒட்டிக்கொண்டேன். மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்திருந்தபோது கூடையில் இருமல் மருந்து வந்தது. அண்ணனுக்கும் மழைக்காலத்தில் இருமல் வரும் என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவருக்கு அப்படி வந்ததாக ஞாபகமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அண்ணி, "தம்பி, விரல் ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆறிடுச்சு அண்ணி. கடையில குறடு கிழிச்சிடுச்சு."

"உங்க அண்ணன் போனதுல இருந்து உங்களுக்குப் பேச ஆளே இல்ல, இல்ல?"

"எனக்கென்ன அண்ணி. நான் எப்பவும் இப்படித்தானே."

அவர் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். நான் போதும் என்று சொன்னபிறகும் வைத்தார்.

இதுவரை சொன்னதைக் கேட்டு நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அதனால் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வாக்கியத்தை எத்தனை நாள் வாசிப்பது? அண்ணன் கோபப்படும்போது பேசுகிறதை வாசித்தேன். அவர் சமாதானம் சொல்வதை வாசித்தேன். அண்ணி தொலைபேசியில் மகளோடு பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டால், அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வாசித்தேன். சிரிப்பு நின்றுவிடும். அது என் வாசிப்பின் பலம் என்று குறித்துவைத்துக்கொண்டேன். கடைசியாக அந்த ஒன்பதாவது படிச் சத்தத்தையும் வாசித்துப் பார்த்தேன். அதற்காகத்தானே ஃபிரெட்டைப் பிடுங்கினேன். அன்றைக்குக் கூடை வரவில்லை. மேலே அண்ணி அழுதார், நன்றாகக் கேட்டது. நான் வாசித்தது கொஞ்சம் தாழ்வோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அழுகையைக் கேட்டபிறகு சந்தேகம் தீர்ந்தது.

போன மாதம் அண்ணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவகூடவே போயிடலாம்னு இருக்கேன். வீட்ட காலி பண்ணணும்."

"போயிட்டு வாங்க அண்ணி" என்றேன். இனிமேல் வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அன்று கடையில் வேலை ஓடவில்லை. அவர் போய்விட்டால் அந்தக் குரலைக் கேட்க இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. வேறு யார் காதில் விழுந்தாலும் அது வயிற்றுவலி கிட்டார்தான். அண்ணன் இன்னொரு தடவை செத்துப்போவார், இந்த முறை ஒரு சத்தம்கூட இல்லாமல். அண்ணிக்கும் அண்ணனிடம் போவதுதான் விருப்பமாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. அவரைக் கேட்கவில்லை. ஆனால் கூப்பிட்ட போதெல்லாம் சாவி அனுப்பினாரே, அதற்கு வேறு என்ன அர்த்தம்?

மகள் மறுநாள் காலை வருவதாக இருந்தது. நான் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, அண்ணியிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்து மேலே போனேன். கையில் கிட்டார் இருந்ததை அவர் பார்த்தார். காற்று வாங்கப் போகிறேன் என்றேன். சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்க்க வந்த கொத்தனார், தகட்டை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று அதற்கு முன்னால் ஒரு காலித் தகர டிரம்மும் இரண்டு பலகையும் வைத்திருந்தார். பொறுப்பான ஆள். தாழ்ந்த சுரத்தை மீட்டினால் டிரம் கூடவே அதிர்ந்து சத்தத்தைக் கெடுத்தது. அதனால் டிரம்மை நகர்த்தினேன். பலகை அதிரவில்லை, அதையும் நகர்த்தினேன். தொட்டியின் நிழல் தகட்டின்மேல் விழுந்திருந்தது. தரையும் தகடும் ஒரே நிறமாகத் தெரிந்தன. தகட்டுக்கு அந்தப் பக்கம், தொட்டிக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்தேன். படியிலிருந்து வருகிறவர் நேராக வந்தால் தகட்டின்மேல்தான் வர வேண்டும்.

ஐந்தரைக்கு வாசித்தேன். சாவி வருமா. இரண்டாவது முறை வாசித்தபோது அண்ணி படியேறி வந்துவிட்டார். கையில் சாவி இருந்தது, இன்னொரு கையில் கைபேசி. ஏதோ பேசிக்கொண்டே வந்தார். அண்ணனிடம் பேசுகிறார் என்று புரிந்துகொண்டேன். பிறகு ஏதோ கேட்டார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் வந்த திசையைப் பார்த்து நேராக நடந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார். நான் சொல்லவில்லை.

விழும்போது சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்.

அவ்வளவுதான். இதை எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கிவிடுவீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் எழுதவில்லை. மேசையில் இருந்த கைபேசியை எடுத்து, மகளுக்கு அண்ணி கடைசியாகப் பேசி அனுப்பியது என்று சொல்லி, என்னைக் கேட்கவைத்தீர்கள். அண்ணியின் குரல், படியேறுகிற மூச்சிரைப்பு, பின்னால் மெல்லிதாக என் கிட்டார்.

"கண்ணு, நாளைக்கு நீ வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். பின்னாடி கேக்குதா? உங்க சித்தப்பாதான். மாடியில உக்காந்து வாசிக்கிறார். ரெண்டு வருஷமா உங்கப்பா கூப்பிடுற மாதிரியே வாசிக்கிறார், பாவம். எனக்குத் தெரியும்னு நான் காட்டிக்கிட்டதே இல்ல. காட்டினா கூச்சப்பட்டு நிறுத்திடுவாரு. அண்ணன்கூடப் பேசுறதா நினைச்சுக்குறார் போல. ஒரு தடவ ரொம்ப பயங்கரமா வாசிச்சார், எனக்குத் தாங்கல. இந்த மனுஷன் மனசுல இவ்வளவு இருக்கான்னு அழுதுட்டேன். நாம போயிட்டா இவருக்கு யாரு இருக்கா, சொல்லு? நம்மகூடவே வந்துடச் சொல்லிப் பாக்குறேன். நீ வேணாம்னு சொல்லாத. இரு, மேல வந்துட்டேன். தம்பி... தம்பி, எங்க இருக்கீங்க?"

அதோடு நிறுத்திவிட்டீர்கள். "பாத்தீங்களா? அவங்க உங்களத் தேடித்தான் வந்திருக்காங்க. டிரம்ம கொத்தனார்தான் நகர்த்தியிருப்பாரு. துக்கத்துல இருக்கீங்க, ஏதேதோ பேசுறீங்க. வீட்டுக்குப் போங்க" என்றீர்கள்.

நான் இன்னொரு முறை போடச் சொன்னேன். அண்ணி சொன்னதைக் கேட்பதற்காக என்று நீங்கள் நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் அவர் குரலுக்குப் பின்னால் ஒலித்த கிட்டாரைக் கேட்டேன். 'வருமா'வில் அந்த 'மா' ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. பழைய கை, பழைய இடம். இரண்டு வருடமாக அப்படித்தான் இருந்ததா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்வியை நான் உள்ளே விடவில்லை. கைபேசியின் மைக் கடுகளவு. அதில் பதிவானதை வைத்துச் சுருதி பேசுகிறவன் பழுது பார்க்கிறவனே இல்லை.

அண்ணி மகளிடம் என்ன சொன்னாலும் சொல்லட்டும், ஐயா. மகளிடம் போய், 'உங்கப்பா கூப்பிடுகிறார்' என்றா ஒரு தாய் சொல்வார்? பயந்துவிடுவாள் என்று மாற்றிச் சொல்லியிருப்பார். பிளாஸ்திரி எனக்கு இல்லை. இருமல் மருந்தும் எனக்கு இல்லை. அண்ணன் குரலைக் கேட்டுத்தான் அவர் வந்தார், அதைக் கேட்டுத்தான் செத்தார். விபத்து என்று எழுதாதீர்கள். கொலை என்று எழுதுங்கள், எத்தனை வருடம் கொடுத்தாலும் இருந்துவிட்டு வருகிறேன்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால், என் அறையில் ஜன்னலோரம் கிட்டார் சாய்ந்திருக்கிறது. ஓர் ஆளை அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் இல்லாமல் போன ஒருவர் இருப்பார். அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டிவிட்டு, அந்தச் சுவரைப் பார்த்து உட்காருங்கள். நான் வாசிக்கிறேன். நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள்.